வெள்ளிக் கப்பலில் ஏணி இல்லை

சைரன் ஊளையிடுகிறது. ரங்கூன் துறைமுகம். 1941, டிசம்பர் கடைசி. பால்குடி மகனை முந்தானையில் கட்டிக்கொண்டு கப்பல் ஏணியில் ஏறுகிறேன். பின்னால் என் கணவர். அவர் தோளில் மூத்த மகள். நான் மேல்தளத்தில் கால் வைக்கிறேன். முதல் குண்டு விழுகிறது. காது அடைத்துப்போகிறது.

"தூக்குடா ஏணிய! தூக்கு!"

கத்தியவன் மில் மேஸ்திரி. எங்களையெல்லாம் ஊரிலிருந்து வேலைக்குக் கூட்டிப்போனவன். ஏணியைத் தூக்கிவிட்டார்கள். அதில் நின்றவர்கள் ஆற்றில் விழுந்தார்கள். என் கணவரும் மகளும்கூட. மேல்தளத்தில் இடம் இருந்தது. அந்த இடத்தில் மேஸ்திரியின் டிரங்குப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

1957, தைப்பூசம். கொடைக்கானல் மலைமேல் இருக்கும் போளூரிலிருந்து தம்பியோடு மலையிறங்கிப் பழனிக்கு வந்திருக்கிறேன். கூட்டத்தில் அதே மேஸ்திரி. கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருக்கிறானாம். தலையில் வெள்ளிக் கப்பல். உயிரோடு கரை சேர்த்த முருகனுக்கு நேர்த்திக்கடனாம். சீ! ஜனங்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கப்பல் என்றாலே கரை சேர்ப்பது. காலண்டரிலும் கோயில் சுவரிலும் அப்படித்தான் வரைந்துவைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போன கப்பலை யாரும் வரைவதில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தேன். புகைபோக்கி இருந்தது. கொடி இருந்தது. நங்கூரம்கூட இருந்தது. ஏணி மட்டும் இல்லை.

"ஏலே! ஏணி எங்கடா? ஏணி எங்கடா?"

தொண்டை கிழியக் கத்தினேன். உடம்பெல்லாம் நடுங்கியது.

"சாமி வந்துருச்சு! வெலகுங்க, வெலகுங்க!"

யாரோ கூவினார்கள். கொட்டு வேகமெடுத்தது. என் நெற்றியில் திருநீற்றை அள்ளி அப்பினார்கள். வாயிலும் விழுந்தது. துப்பினேன். அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பைத்தியக்காரக் கூட்டம். மேஸ்திரி கப்பலை இறக்கிவைத்தான். என் முகத்தை நேராகப் பார்த்தான். அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தான்.

"என்ன கொறைன்னாலும் சொல்லுங்க தாயி! செஞ்சிடுறேன்!"

கொட்டு நின்றது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

சொன்னேன். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிச் சொன்னேன். மூன்றாவது பெயரில் அவன் முதுகு விறைத்தது. தலை தூக்கவில்லை. என் கணவர். நாலு வயது மகள். ஏணியில் நின்ற எங்கள் லைன் வீட்டுக்காரர்கள் ஒன்பது பேர். எனக்குப் பால் வற்றி, கரை தெரிவதற்குள் செத்து, கடலில் போட்ட என் மகன்.

மொத்தம் பன்னிரண்டு உயிர்.