பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை

இந்த வெற்றி விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் போராட்டக் குழுத் தலைவர் அண்ணன் பாண்டியராஜ் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நம் அரவேணு மலைக் குளிரிலும் அசையாமல் நிற்கும் என் சக ஓட்டுநர்களே! பேருந்து ஓட்டும் மயில்சாமி உங்கள் எல்லோரையும் பணிந்து வணங்குகிறேன்.

ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்தை நம் ஊருக்குள் வரவிடாமல் தடுத்தவன் என்று என் தோளில் பொன்னாடை போர்த்தினீர்கள். கைதட்டினீர்கள். தட்டிய கைகளைச் சற்றே தாழ்த்துங்கள். நாம் எதை வென்றோம்? யாரை வென்றோம்?

எட்டு மாதங்களுக்கு முன் இதே மேடை. இதே ஒலிபெருக்கி. காயத்ரி என்றொரு பொறியாளர் வந்து நின்றார். "இங்கயே தண்ணியில இருந்து வாயுவைப் பிரிச்சு வண்டிக்கு நிரப்புவோமுங்க. கசிஞ்சாக் கீழ தேங்காதுங்க, லேசான வாயு, மேல போயிரும். என்னென்ன பாதுகாப்புப் பண்றோம்னு இந்தப் படத்துல பாருங்க" என்றார். நான் ஒலிபெருக்கியைப் பிடுங்கினேன். "மேலே போகப்போவது வாயுவா, நம் ஆயுளா?" என்று முழங்கினேன். மலையே அதிரக் கைதட்டினீர்கள். அடுப்படியில் இரண்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு, வெடிக்கும் வெடிக்கும் என்று வீதிக்கு வந்தோம். அந்தப் பெண் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். அதை நம்மில் ஒருவர்கூட விரித்துப் பார்க்கவில்லை.

தலைவர் என் காதருகே, "ஏனுங்க மயிலு, பேச்சு வேற பக்கம் திரும்புதுங்களே" என்கிறார். திரும்பத்தான் வேண்டும் தலைவரே! கொண்டை ஊசி வளைவில் நேராகவே ஓட்டினால் போய்ச் சேருமிடம் பள்ளமல்லவா?

நிலையம் இல்லாமலே சோதனைக்கென்று ஒற்றை ஹைட்ரஜன் பேருந்து வந்தது. அதற்கு வேண்டிய வாயு சமவெளியிலிருந்து லாரியில் ஏறி வந்தது. அதை ஓட்டப் பழகியவன், பாவி, நான்தான். நாற்பது நாள் ஓட்டினேன். இரைச்சல் இல்லை, எரிச்சல் இல்லை, புகை வரவேண்டிய குழாயில் தண்ணீர் சொட்டியது.

என் பேருந்து இரவு தங்குமிடம் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லைன் வீடுகளின் வாசல். முதல் வீடு கொழுந்து பறிக்கும் செல்வியின் வீடு. மகள் மனிஷாவுக்கு ஏழு வயது. பிறந்தது முதல் மூச்சிளைப்பு. அந்தப் புது வண்டியில் மின்மோட்டாரே புகையில்லாமல் பிரேக்குக்குக் காற்று ஏற்றிவிடும். டீசல் வண்டியிலோ, இரவு நின்றால் பிரேக்குக்கான காற்று இறங்கிவிடும். விடிந்ததும் இன்ஜினை ஓடவிட்டு அதை ஏற்றாமல் இந்த இறக்கத்தில் எடுத்தால் ஐம்பது பேர் கதி அதோகதி. இருபது நிமிடம் உறுமும். இருபது நிமிடம் புகையும்.

என்ன தம்பி? "வேற எடத்துல நிறுத்துங்கண்ணா" என்கிறாயா? இந்தச் சரிவில் பேருந்து திரும்ப வேறு இடம் இருந்தால் காட்டு, உன் காலில் விழுகிறேன்.

அந்த நாற்பது நாளும் செல்வி வண்டியில் ஏறும்போதே சிரிப்பாள். "அண்ணா, பாப்பா இன்னிக்கும் மருந்துப் பம்பு அடிக்கலீங்க" என்பாள். பிறகு பெய்தது மழை. சரிந்தது மண். நின்றது லாரி. தீர்ந்தது வாயு. போன மாதம் அந்தப் பேருந்தைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை பழைய வண்டியை முடுக்கினேன். செல்வி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "ஏனுங்கண்ணா, அணைச்சுப்போடுங்க! புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க!" காற்றின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். பாதிகூட ஏறவில்லை. பிரேக்கும் காற்றுக் கேட்கிறது, பிள்ளையும் காற்றுக் கேட்கிறது. நான் என்ன செய்வேன் தாய்மார்களே? அணைக்கவில்லை. முள் ஏறும்வரை அவள் முகத்தைப் பாராமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்றே மனு எழுதினேன். தவறு செய்துவிட்டோம், நிலையம் வரட்டும் என்று கெஞ்சினேன். 'பொதுமக்கள் எதிர்ப்பால் திட்டம் கைவிடப்பட்டது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பொதுமக்கள் யார்? நாம். அந்த எதிர்ப்பு யாருடைய குரல்? என் குரல். என் தமிழே, என் தொண்டையே, நீ பாழாய்ப் போ!

இனி அந்த நிலையம் வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை ஐயா. இருப்பதாகச் சொல்லி இன்னொரு கைதட்டல் வாங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாளை காலை ஆறு மணிக்கு அதே வாசலில் அதே வண்டியை முடுக்குவேன். வேறு வழியில்லை.

கடைசி வரிசையில் குழந்தையோடு நிற்கிறாயே செல்வி, முன்னால் வா அம்மா. இந்தப் பொன்னாடை நல்ல கெட்டித் துணி. நாலாக மடித்து உன் கதவின் அடியில் அடைத்துக்கொள். பாதிப் புகையாவது நிற்கும். பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. மனிஷா கண்ணு, மாமாவின் வணக்கம் உனக்கு.