விஜயகுமாரி பிடுங்கிய பிளக்

விழாவுக்குத் தலைமையேற்று, மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு செவிசாய்க்கும் பெரியவர் கிட்டுசாமி அவர்களே, பின்னலாடை நிறுவனங்களை நடத்தும் பெருமக்களே, சாமளாபுரத்து நெசவாளத் தோழர்களே, வேலை முடிந்த களைப்போடு வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நூலை ஆளத் தெரிந்த ஊர் இது. நிறத்தை ஆளத் தெரிந்த ஊர் இது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை ஆளத் தெரிந்துவிட்டதா நமக்கு?

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "ஏனுங்க, மொதல்ல கரண்டு இருந்தாத்தானுங்களே ஆள்றதுக்கு?" சிரியுங்கள் ஐயா. இந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் அதைவிட நியாயமான கேள்வி ஏது? என் கதையும் அந்த மின்வெட்டில்தான் பிறக்கிறது.

எங்கள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பவர் சப்ளை உண்டு. பின்னல் இயந்திரங்களின் கட்டுப்பாட்டு அட்டைகளுக்கு அளந்து மின்சாரம் ஊட்டிச் சோதிக்கும் பெட்டி அது. கடந்த மாதம் அது பழுதாகிவிட, சோதிக்க வழியின்றி இயந்திரங்கள் நின்றன. பழுது பார்க்க வந்தவர் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் பிரிவின் சிவராஜ். மேலாளர் என்ற முறையில் நான் அருகில் இருந்தேன். அவர் பெட்டியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கையில் மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டரும் கோளாறு, முற்றத்தில் மெக்கானிக் அதைப் பிரித்துப் போட்டிருந்தார்.

சிவராஜ் மகிழ்ந்துபோனார். சன்னல் வெளிச்சத்துக்குப் பெட்டியை நகர்த்தித் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார். சுவிட்ச் போட்டபடி இருந்தது. பிளக் சுவரில் இருந்தது. நான் தடுக்க வாயெடுத்தேன். "கரண்டே இல்லீங்களே சார், அப்பறம் எதுக்குங்க பிளக்கு?" என்றார். நம் ஊரில் இதைச் சொல்லாத வாய் உண்டா? மின்வெட்டு நேரத்தையே பழுதுபார்க்கும் நேரமாக்கிக்கொண்டவர்கள் அல்லவா நாம்?

அப்போது செக்கிங் பிரிவில் வேலை செய்யும் அவர் மனைவி விஜயகுமாரி, தேநீரோடு வந்தார்.

"ஏனுங்க, மிக்சி ஓடறப்போ கரண்டு போச்சுன்னா, பிளக்கப் புடுங்காம மூடியத் தொறக்காதேன்னு ஊட்டுல என்னைய அந்த அதட்டு அதட்டறீங்க. அந்தச் சட்டம் எனக்கு மட்டுந்தானுங்களா?"

"விஜயா, சார் முன்னாடி மானத்த வாங்காத."

"மானம் போனா வாங்கிக்கலாமுங்க" என்றவர், தாமே போய்ப் பிளக்கைப் பிடுங்கி, கணவரின் கண்முன் மேசையில் வைத்தார்.

சிவராஜ் முணுமுணுத்தபடி மூடியைத் தூக்கினார். முற்றத்தில் ஓர் உறுமல். அறை முழுக்க விளக்குகள் எரிந்தன. ஜெனரேட்டர் உயிர்பெற்றுவிட்டது.

எரிகிற விளக்கைப் பார்த்தார் சிவராஜ். மேசையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை விவரிக்க என் தமிழுக்குத் தகுதியில்லை.

கதை முடிந்ததென்று நினைக்கிறீர்களா? வியப்பு இனிமேல்தான். "இனி பயமில்லீங்க சார்" என்று கை நீட்டியவரை நிறுத்தி, முதலில் அளக்கச் சொன்னேன். மீட்டர் முந்நூறு வோல்ட்டைத் தொட்டது. கம்பி இல்லை, இணைப்பு இல்லை, எங்கிருந்து வந்தது? கட்டைவிரல் பருமனுள்ள கெபாசிட்டர் அதைத் தனக்குள் தேக்கி வைத்திருந்தது. பழுதான பெட்டியில் அது வடிந்துபோக வழியும் அடைபட்டுக் கிடந்தது. அசைவில்லை, ஒலியில்லை, சூடில்லை. ஓர் உயிரை எடுக்கும் வல்லமை மட்டும் இருந்தது. மனிதன் செய்த பொருள்தான். ஆயினும் அதன்முன் நான் மெய்சிலிர்த்து நின்றேன்.

அதைக் காலிசெய்யச் சிலர் செய்வதுபோல் திருப்புளியால் தட்டித் தீப்பொறி பறக்க விடவில்லை நாங்கள். காப்பிட்ட கம்பிகளுடன் உரிய மின்தடையை இணைத்து, மெல்ல வடியவிட்டோம். மீண்டும் அளந்தோம். முள் சுழியத்தில் படுத்த பிறகே சிவராஜின் விரல் உள்ளே சென்றது.

மின்வெட்டு என்பது மின்வாரியத்தின் முடிவு. பாதுகாப்பு என்பது நம் கையின் முடிவு. திறப்பவர் கண்முன் பிளக் கிடக்கட்டும். அளக்காத பெட்டியை அணுகாதிருப்போம். இன்று நாம் தொடங்கும் இந்தப் பழுதுநீக்குக் கூடத்தின் முதல் சட்டம் இதுவே.

திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுவார்கள். இங்கே ரிப்பன் இல்லை. மேடையில் ஒரு பவர் சப்ளை இருக்கிறது. அதன் பிளக் சுவரில் இருக்கிறது. முதல் வரிசையில் சிவராஜ் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் அருகில் இருக்கும் விஜயகுமாரி அம்மையார் மேலே வந்து, அந்தப் பிளக்கைப் பிடுங்கி இக்கூடத்தைத் திறந்து வைக்குமாறு வேண்டுகிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. எல்லோரும் கைக்குப் பழுதின்றி வீடு சேர்க. வணக்கம்.