நாய் வடக்கே இழுத்தது

முயல் வேட்டைக்குப் போகிறவன் முயலைத் தேடக்கூடாது, ஐயா. புழுக்கையைத் தேட வேண்டும். வெளுத்துக் கிடந்தால் போன மாதத்தது. கருத்துப் பளபளவென்று இருந்தால் இன்று காலையது. முயல் மேயும் இடத்தில் நரி இருக்கும். இருந்த நரி திடீரென்று இல்லாமல் போனால் அங்கே பூமா வந்திருக்கிறது என்று பொருள். முப்பத்தொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு. லா பொர்ஃபியாடா பண்ணையின் ஆடுகளைத் தின்ன வருவது எங்கே படுக்கிறது, எந்த வழியாக வருகிறது என்று முன்னமே போய்ப் பார்த்துவைத்து, பிறகு நாயோடு போய் முடிப்பவன் நான். சுடுவது கடைசி ஐந்து நிமிடம். மற்றதெல்லாம் நடப்பதும் பார்ப்பதும்தான்.

நசாரியோவைப் பற்றிக் கேட்டீர்கள். வருகிறேன். ஆனால் அந்தப் பெண் பூமாவிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்கு விளங்காது.

இரண்டு குளிர்காலம் அவள் பின்னால் அலைந்தேன். தொண்ணூற்றுநான்கு ஆடுகளைக் கொன்றிருந்தாள். முன்னங்கால் தடத்தில் ஒரு விரல் மடங்கியிருக்கும். ஆயிரம் தடத்திலும் அதை அடையாளம் சொல்வேன். ஆனால் எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் போய்ச் சேர்வேன். புல்லைப் பிறாண்டி மூடிய ஆடு விறைத்துக் கிடக்கும். அதன் பக்கத்தில் கல்லுக்குப் பின்னால் தீ மூட்டாமல் மூன்று நாள் உட்கார்ந்திருப்பேன். அவள் மூன்று மைல் தள்ளி இன்னொன்றை அடித்திருப்பாள். தடம் கண்டால் காற்று அழிக்கும். காற்று நின்றால் பனி மூடும்.

டீசா என் நாய். சுண்ணக்கட்டி மாதிரி வெள்ளை, அதனால் அந்தப் பெயர். கண் திறக்காத குட்டியாக எடுத்து, விரலில் பால் தொட்டு வளர்த்தேன். என்னோடு வந்தால் மோப்பம் பிடிப்பாள், இருநூறு அடி ஓடுவாள், நின்று திரும்பி என் முகத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான். அடித்ததில்லை என்று சொல்லமாட்டேன்.

பண்ணையின் மேலாள் தோன் பிராவுலியோ ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார்: "என்ன எவாரிஸ்தோ, இன்னிக்கும் வெறுங்கைதானா?" இரண்டாவது குளிர்காலத்தில் கேட்பதையே விட்டுவிட்டார். மாத்தே தேநீர்க் குடுவையை என் பக்கம் தள்ளிவிட்டு வேறு பேச்சுப் பேசுவார். அவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கலாம்.

மே மாதம், இங்கே குளிர் தொடங்கும்போது, அவர் நசாரியோவைக் கூட்டிவந்தார். வடக்கே சுபூத் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். அவனுடைய நாய் செத்துப்போயிருந்தது. "நாய் உங்கிட்ட இருக்கு, இளரத்தம் இவங்கிட்ட இருக்கு. சேர்ந்து போங்க" என்றார் தோன் பிராவுலியோ. எட்டு நாள் அவனுக்கு நிலத்தைக் காட்டினேன். எந்த ஓடையில் தண்ணீர் உறையாது, எந்த மேட்டில் காற்று சுழலும், எல்லாவற்றையும். ஒன்றையும் ஒளிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் சீட்டியடித்துக்கொண்டே வருவான். நாயோடு பேசிக்கொண்டே வருவான். வேவு பார்க்கப் போகும்போது வாயை மூட வேண்டும் என்று சொன்னேன்.

"நீ தரையவே பாக்குற பெருசு. நாய் மூஞ்சியப் பாரு. அது சொல்லிக்கிட்டேதான் இருக்கு. நீதான் கேக்கல" என்றான்.

பதினோராவது நாள் நசாரியோவும் டீசாவும் அந்தப் பூமாவைப் பிடித்தார்கள். அன்று நான் மறுபக்கத்து மேட்டில் இருந்தேன். டீசா குரைத்துக்கொண்டே அவளைப் பாறையோடு முட்டவைத்திருக்கிறாள். ஒரே வெடிதான் கேட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நசாரியோ பூமாவின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினான். "மடங்குன விரலு. நீ சொன்னது சரிதான் பெருசு."

தோலைப் பட்டறைக் கதவில் மாட்டினார்கள். சாப்பாட்டு மேசையில் தோன் பிராவுலியோ எல்லோரும் கேட்கச் சொன்னார்: "ரெண்டு வருஷத்துக்குப் பதினோரு நாள். கணக்கு நீங்களே போட்டுக்குங்க." சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து டீசா நசாரியோவின் அறை வாசலில் படுக்க ஆரம்பித்தாள். கூப்பிட்டால் வருவாள். நான் கண்ணயர்ந்தால் எழுந்து போய்விடுவாள்.

ஜூலையில் வடக்கு ஓடையில் ஓர் ஆண் பூமாவின் எச்சம் கண்டேன், உள்ளே ஆட்டு ரோமம். நாங்கள் இருவரும் அதைப் பார்க்கத்தான் போனோம். அது செவ்வாய்க்கிழமை. குதிரைகளை மேலே கட்டிவிட்டு இறங்கினோம். சரளைக்கல்லில் பனி உறைந்திருந்தது. நசாரியோவின் கால் வழுக்கியது. நான் தள்ளவில்லை, ஐயா. ஆறு ஆள் உயரம் உருண்டு அடியில் போய் விழுந்தான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகியிருந்தது.

அவனைப் பாறையின் கீழ் காற்றுப் படாமல் இழுத்துப் போட்டேன். முட்செடி ஒடித்துத் தீ மூட்டினேன். என் ரொட்டி, தண்ணீர்க் குப்பி, தீப்பெட்டி, என் கம்பளிப் போர்வை எல்லாம் கொடுத்தேன். மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, ஓரத்தில் தீப்பட்ட ஓட்டையோடு, அதேதான். அது எப்படி அவன் உடம்பில் வந்தது என்றுதானே என்னைக் கூப்பிட்டீர்கள். நான் போர்த்தினேன்.

"நாய விட்டுட்டுப் போ பெருசு. சூடா இருக்கும்" என்றான். அது என் நாய். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். மேடு ஏறும் வரை அவள் நடக்கவில்லை, தரதரவென்று வந்தாள். அவன் குதிரையைக் கட்டவிழ்த்துத் தெற்குப் பக்கம் விரட்டிவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மூன்று மணி நேர வழி. தோன் பிராவுலியோ சூப் குடித்துக்கொண்டிருந்தார். "நசாரியோ எங்க?" என்றார்.

உதவி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "தெக்க ஒரு நரி பின்னால போனான். இந்நேரம் வந்திருப்பான்னு நெனச்சேன்" என்று வந்தது. வந்த சொல்லை எப்படித் திரும்ப விழுங்குவது?

மறுநாள் காலை பதினான்கு பேர் குதிரையில் கிளம்பினோம். உங்கள் போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். முன்னால் போகச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். நான் குனிந்தால் மற்ற பதின்மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தெற்கே அவன் குதிரையின் தடம் இருந்தது. அதைக் காட்டினேன். ஒடிந்த குச்சியைக் காட்டினேன். நரி தோண்டிய இடத்தை ஆள் உட்கார்ந்த இடம் என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் வேலை செய்ததில்லை.

டீசா மட்டும் கயிற்றை வடக்கே இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"நாய் வடக்கப் பாக்குதேய்யா" என்றார் தோன் பிராவுலியோ.

"அங்க செத்த ஆடு கெடக்குதுங்க. போன வாரத்துது."

அவர் தலையாட்டினார். என் சொல்லுக்கு அவர் தலையாட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் அறுந்த கயிறுதான் கிடந்தது. கடித்துத் துண்டித்துவிட்டுப் போயிருந்தாள். அன்றும் மறுநாளும் பனிப்புயல், யாரும் வெளியே போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்தது. நாய் அவனைத் தேடித்தான் போயிருக்கிறது என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. "கூட்டமா வந்தா புதுசா விழுற தடமும் கலஞ்சிடும். நான் மட்டும் போறேன்" என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை.

அவன் உயிரோடு இருந்தான்.

தீ அணைந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. டீசா அவன் நெஞ்சின்மேல் குறுக்கே படுத்திருந்தாள். என்னைப் பார்த்து வாலாட்டினாள், ஆனால் எழவில்லை. பக்கத்தில் மூன்று முயல்களின் தோலும் எலும்பும் கிடந்தன. பாதி சுட்டது, பாதி பச்சை.

"வந்துட்டியா பெருசு." குரல் கீச்சென்று வந்தது. "வழி தப்பிடுச்சா? பரவால்ல, பனி அப்படி. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன்.

"மத்தவங்க எங்க?"

"பின்னால வர்றாங்க."

"இவதான் முயல் கொண்டாந்து போட்டா. கடிச்சுத் திங்காம அப்படியே கொண்டாந்தா. உன் வளர்ப்பு பெருசு. நல்லா வளத்துருக்க."

அவன் கேலி செய்யவில்லை என்று இப்போது தெரிகிறது. நான்கு வருடத்தில் எனக்கு அவள் ஒரு முயல்கூடக் கொண்டுவந்து போட்டதில்லை, ஐயா. ஒன்றுகூட. அந்தத் தோல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றுதான்.

அன்று மத்தியானத்துக்குள் அவனைக் கொண்டுவந்திருக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். இரண்டு ஆள், ஒரு குதிரை போதும். கால் போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பான். எனக்கு அந்த நிலம் தெரியும், பொய் சொல்லமாட்டேன். ஆனால் பிழைத்தவன் நொண்டிக்கொண்டு எங்கே வருவான்? அதே அறைக்கு. வாசலில் அவள் படுத்திருப்பாள். அதைத்தான் யோசித்தேன். அதற்கு மேல் ஒன்றும் யோசிக்கவில்லை.

இந்த முறை சங்கிலி கொண்டுபோயிருந்தேன். அவள் கழுத்தில் மாட்டினேன். "என்ன செய்யுற பெருசு?" என்றான். அவளைத் தூக்கிச் சேணத்தின் குறுக்கே போட்டுக்கொண்டேன். அவன் கூப்பிட்டான். என்னை அல்ல, "டீசா, டீசா" என்று. மேடு தாண்டும் வரை அவள் அவனுக்குப் பதில் குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். என் கையைக் கடித்தாள், இதோ தழும்பு. தடம் ஆற்றுப் பனியில் போய் முடிந்துவிட்டது, நாய் மட்டும் கிடைத்தது என்று அவர்களிடம் சொன்னேன். தோன் பிராவுலியோ என் தோளைத் தட்டி, "உன்னால முடிஞ்சத செஞ்சுட்ட" என்றார். புதன்கிழமை தேடலை நிறுத்தினார்கள்.

செப்டம்பரில் பனி உருகி இடையன் ஒருவன் பார்க்கும்வரை அவன் அங்கேதான் இருந்தான். எத்தனை நாள் தாங்கினான் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. அதில் எனக்கு வேலை இல்லை.

அவ்வளவுதான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். டீசாவை இப்போது தோன் பிராவுலியோ சங்கிலியில் கட்டி வைத்திருக்கிறாராம். அங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம், ஓரிரு கிலோ எடைகூட ஏறியிருக்கிறதாம். அதெல்லாம் வெளிப்பார்வைக்கு. சங்கிலியை மட்டும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள், ஐயா. எவ்வளவு தூரமானாலும் அவள் என்னைத் தேடித்தான் வருவாள்.