அறுபத்து மூன்று மூளைகள்

மோகன்குமார்: ...அறுபத்து மூணு! மூணே நாள்ல அறுபத்து மூணு பேரு, புள்ள! முட்டை ரேட் வாட்ஸ்அப் குரூப்புல ஒரே ஒரு மெசேஜ்...

சரிதா: மெசேஜ் அடிச்சது நானுங்க.

மோகன்குமார்: பொண்டாட்டி அடிச்சா என்ன, சரக்கு என்னுதல்ல? "மூளை நோய் ஆராய்ச்சிக்கு ஆள் வேணும், ஸ்கேன் இலவசம், ஆன்லைன்ல பேரு பதிஞ்சாப் போதும்." யாரு சொன்னது?

சரிதா: லாரி பாடி கட்டறவரு, "மூளையக் கழட்டிப் பாத்துட்டுத் திருப்பித் தருவாங்களா"ன்னு கேட்டாரே...

மோகன்குமார்: "உங்களுது ஓட்டாத வண்டி, நல்ல ரேட்டுக்குப் போகும்"னேன். உடனே பதிஞ்சுட்டாரு!

சரிதா: கொஞ்சம் இருங்க... ஆராய்ச்சி ஆபீஸ் தனப்பிரியா மேடம் மெசேஜ் போட்டிருக்குது.

மோகன்குமார்: பாராட்டா? படி, படி!

சரிதா: "எல்லாரும் நல்லா இருக்கறவங்களாவே இருக்காங்க. பார்கின்சன்ங்கற நடுக்க நோய் வந்தவங்க ஒருத்தராச்சும் வேணும். சாயங்காலத்துக்குள்ள பதியலீன்னா நாமக்கல்லுக்கு ஸ்கேன் முகாம் இல்லீங்க."

மோகன்குமார்: அட! நடுக்கம் இருக்கறவங்களை நான் மொதல்லயே ஒதுக்கிட்டேனே!

சரிதா: ஏனுங்க?

மோகன்குமார்: விரிசல் உட்ட முட்டைய யாராச்சும் லோடு ஏத்துவாங்களா? நல்ல சரக்கா அனுப்புவோம்னு...

சரிதா: நல்ல மூளைக்கு எதுக்குங்க மருந்து? சின்னுசாமி மாமாவுக்கு நடுக்கம் இருக்குதல்ல, கூப்புடுங்க.

மோகன்குமார்: போடு போனை... ஏனுங்க மாமா, அந்த ஆராய்ச்சிக்கு... இல்லீங்க மாமா, அது வந்துங்க... வெச்சுட்டாரு. "முந்தாநேத்து வேண்டாத ஆளு இன்னிக்கு வேணுமாக்கும்"ங்கறாரு.

சரிதா: அப்ப முகாம் போச்சு.

மோகன்குமார்: போகாது! நல்லா இருக்கறதுல மூணு பேருக்கு நோய்னு மாத்திப் போட்டுருவோம்...

சரிதா: டாக்டருங்க சோதிப்பாங்க.

மோகன்குமார்: அறுபத்து மூணு பேருக்கும் நான் என்ன பதில் சொல்லுவேன்?

சரிதா: இன்னொருத்தர் இருக்காருங்க.

மோகன்குமார்: யாரு? சொல்லு, இப்பவே தூக்கிட்டு வாரேன்!

சரிதா: ரெண்டு வருசமா வலது கையப் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு ஏவாரம் பேசறாரு. நரம்பு டாக்டர் எழுதின சீட்டை லாரி இன்சூரன்ஸ் ஃபைல்ல ஒளிச்சு வெச்சிருக்கறாரு.

மோகன்குமார்: வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் எங்கிட்ட முட்டை எடுப்பான், புள்ள? ...உனக்கு எப்பத் தெரியும்?

சரிதா: டீ டம்ளரைக் கையில வாங்காம "அங்க வெய்யி"ன்ன அன்னிக்கே. இந்த ஆராய்ச்சிக்குப் பதியற லிங்க்கை உங்களுக்கு அனுப்பச் சொல்லித் தனப்பிரியாகிட்டக் கேட்டதே நாந்தானுங்க. உங்க பேரு, வயசு எல்லாம் நிரப்பி வெச்சிருக்கறேன். "சம்மதம்"கறதை மட்டும் நீங்கதான் அழுத்தோணும்.

மோகன்குமார்: போனைக் கெட்டியாப் புடிச்சுக்க புள்ள... விரல் ஒரு எடத்துல நிக்க மாட்டீங்குது.