பின்வரிசை வரைக்கும் தெளிவாகப் படம் பிடித்த சக்கரபாணி அவர்களுக்கு

திருவண்ணாமலை திருவூடல் தெரு, திருமலை கலர் ஸ்டூடியோவில் முப்பத்தோரு ஆண்டுகள் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் திரு. சக்கரபாணி அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் உவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

ஒளியின் போக்கை உணர்ந்தவரே! ஓடும் நொடியை ஓசையின்றிப் பிடித்தவரே! மணமேடைப் புகையிலும் மனிதர் முகம் மறையாமல் காத்த மாண்பாளரே! அதட்டாமல், அலுக்காமல், ஆயிரம் பேர் கூடிய மண்டபத்திலும் அத்தனை கண்களையும் தம் பக்கம் திருப்பிய அன்பாளரே! வணக்கம்.

மடலில் பேச்சு வரக் கூடாது என்பார்கள். ஆனால் உங்களை நினைத்தால் நீங்கள் பேசியதும் உங்களிடம் பிறர் பேசியதும்தான் என் காதில் விழுகின்றன. அவற்றை விட்டுவிட்டு வேறெதை எழுதுவது? கல்லாவிலும் ஆல்பம் மேசையிலும் உங்களோடு இருந்த நான் எழுதுகிறேன், மற்றவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

பிலிம் சுருளைப் பிள்ளைபோல் காத்த காலத்தில் கடைக்கு வந்தீர்கள். கம்ப்யூட்டர் வந்தபோது கலங்காமல் கற்றீர்கள். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்று தெரிந்தும், அடி அண்ணாமலையில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு லைட் ஸ்டாண்டையும் தோளில் போட்டுக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக நடந்தே போனீர்கள். வழியில் ஒருவர், "சாமிக்கு வேண்டுதலாங்க?" என்று கேட்டதற்கு, "இல்லிங்க, கஸ்டமருக்கு" என்றீர்களாம். ஆசிரமப் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டார் விசாவுக்குப் படம் எடுக்க வந்தால், பாஷை தெரியாமலே பத்து நிமிஷம் சிரித்துப் பேசி அனுப்புவீர்கள். அவர்களும் ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டிப் போவார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் முதலாளி பிரசாத் சென்னையிலிருந்து அந்தப் புது லென்ஸை வாங்கி வந்தார். அந்த விலைக்கு ஒரு பழைய கார் வாங்கியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டில்கூட வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாராம்.

"அண்ணா, இதுல எடுத்தா கண் இமை முடியை ஒண்ணொண்ணா எண்ணலாம்" என்றார் பிரசாத்.

"எண்ணி இன்னா பண்ணப் போற?" என்றீர்கள் நீங்கள்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிரசாத் மட்டும் சிரிக்கவில்லை. அன்று தொடங்கிய வாக்குவாதம் நான்கு வருஷம் ஓடியது.

முதல் வாரமே ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தம் எண்பதாம் ஆண்டு விழாப் பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தார். பிரசாத் புது லென்ஸில் எடுத்தார். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்த அவர் என்னிடம், "ஏம்மா, நான் பத்திரிகைக்குப் போட்டோ கேட்டனா, தோல் டாக்டர்கிட்ட காட்டறதுக்குக் கேட்டனா?" என்றார். மூக்கில் இருந்த குழியெல்லாம் அப்படித் தெரிந்தது. நீங்கள் அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, உங்கள் பழைய லென்ஸில் எடுத்துக் கொடுத்து அனுப்பினீர்கள். "பாத்தியா?" என்று பிரசாத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த லென்ஸின் பெருமை கூர்மை மட்டுமல்ல. உள்ளே இருக்கும் துவாரத்தை முழுதாகத் திறந்துவைத்தால், முன்னால் நிற்பவர் செதுக்கினாற்போல் நிற்பார். பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சாகக் கரைந்துவிடும். பிரசாத்துக்கு அது பிடித்திருந்தது. பொண்ணு மாப்பிள்ளை வீட்டாருக்கும் பிடித்திருந்தது. நீங்களோ உங்கள் பழைய லென்ஸில் துவாரத்தை ஊசிமுனையளவுக்குச் சுருக்குவீர்கள். சுருக்கினால் பின்சுவர் வரைக்கும் தெளியும். ஆனால் வெளிச்சம் ஜாஸ்தி வேண்டும். அதற்காகத்தான் அந்த லைட்டுகளை மண்டபம் மண்டபமாகத் தூக்கினீர்கள். நீங்கள் லைட்டை நகர்த்தி நகர்த்தி வைக்கிறபோது பந்தி ஆறிப்போகிறது என்று மாமன்மார்கள் கத்தாத கல்யாணம் உண்டா?

"எதுக்கு அண்ணா இந்தப் பாடு? பின்னாடி நிக்கறவன் மூஞ்சை யார் கேட்டாங்க?" என்பார் பிரசாத்.

"கூப்பிட்டு நிக்க வச்சாச்சு. நிக்க வச்சுட்டு அழிச்சா நல்லாவா இருக்கும்?" என்பீர்கள்.

இன்னொரு வழக்கமும் உங்களுக்கு உண்டு. குரூப் போட்டோவில் "சிரிங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. எல்லோரும் விறைத்து நிற்கும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து, "சாம்பார்ல உப்பு ஜாஸ்தியாமே?" என்று சத்தமாகக் கேட்பீர்கள். கூட்டம் சிரிக்கும். பரிமாறுகிறவர் எங்கிருந்தாலும், "யாருங்க சொன்னது?" என்று ஓடிவருவார். அந்த நொடியில் அழுத்துவீர்கள்.

இனி வருவது என் தப்பு. சபையில் சொல்லிவிடுகிறேன்.

போன பங்குனியில் அடி அண்ணாமலையிலிருந்து பொன்னி என்ற பெண் கடைக்கு வந்தாள். அவள் அப்பா இராமலிங்கம், கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலை செய்தவர், தூக்கத்திலேயே இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு இன்னும் நாலு நாள். வீட்டில் படம் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். பொன்னியின் போன் கிணற்றில் விழுந்து அதிலிருந்ததும் போயிற்று. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஃபிரேம் போட்டுக் கொண்டுபோய் அம்மா மணியம்மாளிடம் காட்டியிருக்கிறாள்.

"அம்மா பாத்துட்டு, 'யார்டி இது? போலீஸ்ல புடிச்சுக்கினு போன ஆளாட்டம் இருக்கு. இது என் வூட்டுக்காரர் இல்ல. இதுக்கு நான் மாலை போடமாட்டேன்'னு சொல்லுதுங்க. நீங்க எடுத்த கல்யாணத்துலதான் அப்பா எப்பவும் இருப்பாரு. எங்கனா ஒண்ணுல இருக்காரா பாருங்க" என்றாள்.

அவள் எழுதி வந்த கல்யாணங்கள் ஆறு. உட்கார்ந்து தேடினேன். மூன்றை பிரசாத் புது லென்ஸில் எடுத்திருந்தார். இராமலிங்கம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கறை இருந்தது, அது சட்டையா தூணா என்று சொல்ல முடியவில்லை. இரண்டை நீங்கள் பழைய லென்ஸில் எடுத்திருந்தீர்கள். ஆள் இருந்தார், ஆனால் பெரிதாக்கினால் முகம் ரவையாக உதிர்ந்தது. கடைசியாக, வேங்கிக்கால் மண்டபத்துக் கல்யாணம். அதில் அவர் இல்லவே இல்லை.

"இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் படியிறங்கிப் போனாள்.

நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"வேங்கிக்கால் கல்யாணத்துல இருந்தாரே அக்கா."

"இல்ல தம்பி. நான்தான் பாத்தனே."

"மூணாவது வரிசைக்குப் பின்னாடி, வாளியோட. உப்பு ஜாஸ்தியாமேன்னு கேட்டதும் ஓடி வந்து நின்னாரு."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. பொண்ணு வீட்டார் ஆல்பம் பார்க்க வந்தபோது, "அந்த வாளிக்காரரை எடுத்துடுங்க" என்று சொன்னார்கள். நானும் மூன்றாவது வரிசைக்கு மேலே இருந்ததை வெட்டி, வெட்டிய படத்தையே பழைய பெயரில் சேமித்துவிட்டேன். கடையில் முழுப் படம் கிடையாது. ஒரு மனுஷனின் முகத்தை என் கையாலேயே அழித்துவிட்டு, அவர் மகளிடம் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

"வெட்டிட்டேன் தம்பி" என்றேன்.

நீங்கள் அப்படியே படியிறங்கினீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். முட்டி வலியோடு வேகாத வெயிலில் போய், ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு திரும்பினீர்கள். எடுத்த படத்தையெல்லாம் வெட்டாமல் ஒரு நகல் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள் என்பது அன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

படம் திறந்தது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இராமலிங்கம். கையில் வாளி, வாய் பாதி திறந்து, "யாருங்க சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே சிரிக்கிறார். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். முகம் உடையவில்லை. மீசையில் நரைத்த முடி தனித்தனியாகத் தெரிந்தது.

"இது உன் பழைய லென்ஸ் இல்லையே" என்றேன்.

"அது பூஞ்சை புடிச்சு கிளீனிங்குக்குப் போயிருந்துச்சு அக்கா. பிரசாத் அவர் லென்ஸைக் குடுத்தாரு. ஆயிரம் வாட்டி பத்திரம்னு சொல்லித்தான் குடுத்தாரு."

பின்னால் வந்து நின்ற பிரசாத்தை அப்போதுதான் பார்த்தோம். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாய் சும்மா இருக்காமல், "பாத்தியா பிரசாத்து, லென்ஸுல ஒண்ணும் இல்ல, எடுக்கறவர் கையிலதான் இருக்கு" என்றேன்.

"அப்படிச் சொல்லாதக்கா" என்று உடனே மறித்தீர்கள். "அந்த ரெண்டு கல்யாணத்தையும் நான்தான் எடுத்தேன். பழைய லென்ஸுல இவரு வெறும் புள்ளி. இந்த லென்ஸ் இல்லன்னா இந்த மீசை இல்ல. காசுக்கு உண்டானது அதுல இருக்கு."

பிரசாத் மெதுவாகச் சொன்னார்: "லென்ஸு என்கிட்டயும்தான் இருந்துச்சு அண்ணா. மூணு கல்யாணம் எடுத்தேன்."

நான்கு வருஷ வாக்குவாதம் அந்த இடத்தில் முடிந்தது. ஜெயித்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

படத்திலிருந்து அவரை மட்டும் பிரித்து எடுத்தபோது, சட்டைப் பையின்மேல் சாம்பார் கறை ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பிரசாத், "ரெண்டு நிமிஷத்துல துடைச்சுடறேன்" என்று உட்கார்ந்தார். "இரு, அந்தம்மாவைக் கேட்டுட்டுத் துடை" என்றீர்கள். நானும் நீங்களும் ஆட்டோவில் அடி அண்ணாமலை போனோம். என் தப்பை நானே சொல்ல வேண்டும், அதனால் நான் போகிறேன் என்றேன். நீங்கள் துணைக்கு வந்தீர்கள்.

மணியம்மாள் படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, மறுபடி கிட்டே வைத்துப் பார்த்தார்.

"பாரு, எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்" என்று படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டார். "துண்டைக் கட்டிக்கினு வாளியைத் தூக்குன்னு சொன்னா கேட்டாத்தானே? எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சட்டையில கொட்டிக்கினு வந்து நிக்கறது. தொவைக்கிறவளுக்குத்தானே தெரியும்!"

திட்டிக்கொண்டே வந்தவர், பாதியில் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். பொன்னி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அன்றுதான் அம்மா வாய்விட்டு அழுததாகப் பிறகு சொன்னாள்.

கறையைத் துடைக்கவில்லை. அப்படியே ஃபிரேம் போட்டுக் கொடுத்தோம். மணியம்மாள் தம் கையாலேயே மாலை போட்டார்.

நான் வெட்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது அந்தம்மா, "வாளியோட நின்னா யாருதான் வெட்டமாட்டாங்க? இவர் ஒருத்தர் வச்சிருந்தாரே, அது போதும்" என்று உங்களைப் பார்த்துக் கும்பிட்டார். நீங்கள் ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் வெளியையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். நானும் பேசவில்லை. பேசாமல் வந்ததற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

நட்பில் நயமும் தொழிலில் நேர்மையும் நிறைந்த நண்பரே! அன்றிலிருந்து நம் கடையில் முழுப் படத்தை யாரும் அழிப்பதில்லை. பிரசாத் எழுதி ஒட்டியிருக்கிறார். குரூப் போட்டோ என்றால் அவரும் லென்ஸின் துவாரத்தைச் சுருக்குகிறார், லைட்டையும் தானே தூக்குகிறார். ஜோடியைத் தனியாக எடுக்கும்போது பின்னால் இருப்பதைப் பஞ்சாக்குகிறார், அதுவும் அழகாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நானோ, யாரையாவது படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னால், "இவரு யாருங்க?" என்று முதலில் கேட்கிறேன். போன வாரம் ஒரு மாப்பிள்ளையிடம், ஓரத்தில் நின்ற ஓர் அம்மாவைப் பற்றி அப்படிக் கேட்டேன். "சமையல்காரம்மாங்க" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னை எடுத்து வளத்தது அவங்கதான். இருக்கட்டும் விடுங்க" என்றார். முன்பென்றால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஆகவே, முகம் மறவாத முதுநண்பரே, முட்டி வலி கம்மியாகி, சர்க்கரை கட்டுக்குள் நின்று, உங்கள் இல்லத்தாரோடு இன்னும் நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள். தோளில் சுமை இல்லாமல், ஒரு பௌர்ணமியாவது கையை வீசிக்கொண்டு மலையைச் சுற்றி வாருங்கள். அண்ணாமலையான் அருளால் உங்கள் பார்வை மங்காதிருக்கட்டும். இந்த ஊரில் எந்த வீட்டுச் சுவரில் எவர் படம் மாட்டியிருந்தாலும், அதில் கடைசி வரிசையில் நிற்பவர்களின் வீட்டார் உங்களை வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்து மகிழுங்கள்.

என்றும் நன்றியுடன்,
திருமலை கலர் ஸ்டூடியோ உரிமையாளர் பிரசாத் மற்றும் ஊழியர்கள் அனைவரும்

எழுதியவர்: ராஜம்மாள், ஆல்பம் பிரிவு
திருவண்ணாமலை