நாலாவது சீட்டு

— இன்னொரு வாட்டி சொல்றேன், கேட்டுக்கோங்கம்மா. அந்த ரயில்ல எங்க வீட்டு ஆளுங்க மூணே பேரு. சம்பத்துன்ற நான் ஒருத்தன். செத்துப்போன என் தம்பி தயாளனோட சம்சாரம் பாக்யலட்சுமி. அவங்க பொண்ணு நந்தினி. முடிஞ்சிது. நாலாவதா ஒருத்தன் கிடையாது.

— கோச்சிக்காதீங்கண்ணா. நான் மாப்ள பையனுக்கு அத்தை. குடியாத்தத்துலேர்ந்து பஸ் புடிச்சி ஆம்பூருக்கு வந்திருக்கேன்னா, இதைப் போன்ல கேட்டா மரியாதை இல்லன்னுதான். எங்க அண்ணன் பேஜாராயி உக்காந்திருக்காரு.

— அவருக்கு இன்னா பேஜாரு? பூ வெச்சாச்சு. வர்ற தை மாசம் கல்யாணம்னு பேசியாச்சு.

— அதுக்குள்ள இந்தப் பேச்சு வந்துடுச்சே. உங்க பொண்ணு சுவிஸ்ல யாரோ ஒரு ஆம்பளையோட ரயில்ல போச்சுன்னு.

— யாரு சொன்னது?

— பேரு சொன்னா வம்பு.

— பேரு இல்லாத பேச்சுக்கு இந்த வீட்ல பதில் கிடையாது. காபி ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க.

— பேரணாம்பட்டு தௌசீப் அகமது பாய்.

— தோல் மண்டி வெச்சிருக்கிற தௌசீபா?

— அவருதான். எங்க அண்ணனுக்கு தோஸ்து. ஏதோ செருப்புக் கண்காட்சின்னு போனவரு, ஒருநாள் மலையைச் சுத்திப் பாக்கலாம்னு அந்த ரயில்ல ஏறியிருக்காரு. உங்களுக்குப் பக்கத்து வரிசையாம்.

— நான் பாக்கலையே அவரை.

— சலாம் சொல்ல எழுந்தாராம். நீங்க மூணு பேரும் கண்ணை மூடிக்கினு உக்காந்திருந்தீங்களாம். சரி, பெரிய மனுஷன், தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு உக்காந்துட்டாராம்.

— தௌசீப் நல்ல மனுஷன். பொய் பேசறவரு இல்ல. ஆனா தப்பாப் பாத்திருப்பாரு.

— அவரு ஒண்ணும் கெட்ட மனசுல சொல்லலண்ணா. சம்பத் வீட்டு ஆளுங்களைப் பாத்தேன், நாலு பேரும் ஜாலியா போய்க்கினு இருந்தாங்கன்னு எங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்காரு. நாலாவது யாருன்னு அண்ணி கேட்டாங்க. அங்கேர்ந்து புடிச்சிக்கிச்சு.

— எங்கேர்ந்து புடிச்சாலும் பொய் பொய்தான்.

— மேசைக்கு இந்தப் பக்கம் ரெண்டு சீட்டு, அந்தப் பக்கம் ரெண்டு சீட்டு. ஜன்னலோரம் உங்க பொண்ணு. அதுக்கு எதிர்ல அந்த ஆளு. இதெல்லாம் பாய் சொன்னதுதான்.

— அது காலி சீட்டு.

— மூணு பேருக்கு எதுக்கு நாலு சீட்டு?

— உக்காருங்கம்மா. கேட்டுட்டீங்க, சொல்றேன். தயாளன் ஷூ கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன். பெட்டி மேல சுவிஸ்னு ஊரு பேரை ஒட்டி ஒட்டியே முடி நரைச்சவன். அந்த ஊரு எப்டிதான் இருக்கும்ணான்னு கேட்டுக்கினே இருப்பான். நந்தினி வேலைக்குப் போயி காசு சேத்து, எல்லாருக்கும் ரயில் பாஸ் வாங்கினா. அந்த ஒரு பாஸ் இருந்தா அங்க ரயிலு, பஸ்ஸு, படகு எதுல வேணா ஏறலாம். ஆனா ஆளுக்கு ஆள் பேரு போட்டு வரும். ஒருத்தர் பாஸ்ல இன்னொருத்தர் போகமுடியாது.

— சரி.

— நாலு பாஸ் வந்துச்சி. நான் பஜார்ல குடுத்து நாலையும் லேமினேஷன் போட்டேன்.

— ரயில் பாஸுக்கு லேமினேஷனா?

— நந்தினியும் இப்டித்தான் சிரிச்சா. போன்ல காட்டினா போதும் பெரிப்பான்னா. நான் போனை நம்பறதில்ல. அதை வாங்கி வெச்ச மாசமே தயாளன் போயிட்டான். தூங்கினவன் எழுந்திருக்கல.

— கேள்விப்பட்டோம். ஆனா சாவு விழுந்த வருஷத்துல ஊர் சுத்தப் போனாங்களேன்னு அதுக்கும் ஒரு பேச்சு இருக்குண்ணா. நான் கேட்டதைச் சொல்றேன்.

— அவன் ஆசைப்பட்ட ஊரு. அவன் பொண்டாட்டி பொண்ணுக்கு அதைக் காட்டறது என் கடமை. அப்பா பாஸை மட்டும் கேன்சல் பண்ணிடலாமான்னு நந்தினி கேட்டா. என் தம்பி பேரை நான் எதுலேர்ந்தும் அடிக்கமாட்டேன்னு சொல்லிட்டேன். அந்த மலை ரயிலுக்குப் பாஸ் மட்டும் பத்தாது, சீட்டு தனியாப் போடணும். முதல்லயே நாலு பேருக்கும் போட்டது. அது அப்டியே இருந்துச்சி. அவ்ளோதான் விஷயம்.

— அவ்ளோதானா? காலி சீட்டுன்னா அதுக்கு முன்னாடி சோறு எதுக்கு வெச்சீங்க?

— அதையும் பாத்தாரா?

— எல்லாம் பாத்திருக்காரு.

— அன்னிக்கி அமாவாசை.

— ஓ.

— முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. அமாவாசை அன்னிக்கி செத்தவங்களுக்கு வெக்காம நான் வாயில சோறு வெச்சது கிடையாது. இங்கன்னா மொட்டை மாடில காக்காவுக்கு வெப்போம். அந்த ரயில்ல ஜன்னல் தெறக்க வராது, அத்தனையும் கண்ணாடி. வெளில பனி. காக்காவுக்கு எங்க போறது? அவன் சீட்டு இருக்கு, அங்கயே வெய்யின்னேன். தங்கின எடத்துல கெளறின புளிசாதம், நந்தினி காயிதத் தட்டுல வெச்சா. ரயில்ல வேணாம் மாமான்னு பாக்யலட்சுமி சொன்னா. நான் கேக்கல.

— கூப்ட்டீங்களா?

— கூப்புடாம வெப்பாங்களா? தயாளா, வந்து சாப்புடுடான்னு மூணு வாட்டி கூப்ட்டேன். மெதுவாத்தான்.

— எங்க வீட்ல படையல் போட்டுக் கூப்ட்டுட்டு, கதவைச் சாத்திக்கினு வெளிய வந்துடுவோம். அவங்க சாப்புடறப்ப பாக்கக்கூடாதுன்னு.

— இங்கயும் அதே முறைதான். ஓடற ரயில்ல எந்தக் கதவைச் சாத்தறது? அதான் மூணு பேரும் கண்ணை மூடிக்கினோம்.

— நீங்க மூடிக்கினீங்க. பாய் மூடலையேண்ணா.

— இன்னா சொல்ல வர்றீங்க?

— நான் கேட்டதைத்தான் சொல்றேன். கோடு போட்ட சட்டை. அம்பது, அம்பத்தஞ்சி வயசு. குனிஞ்ச தலை நிமிராம சாப்புட்டானாம். வயசு ஜாஸ்தின்றதுதான் எங்க அண்ணிக்கு இன்னும் பயம். உங்க பொண்ணு நடுவுல கண்ணைத் தெறந்து, அவனைப் பாத்து சிரிச்சி, தண்ணி பாட்டிலை அவன் பக்கம் தள்ளி வெச்சுதாம். பழக்கம் இல்லாத ஆளுக்கு ஒரு பொண்ணு அப்டி செய்யுமா?

— நந்தினி என்கிட்ட ஒண்ணும் சொல்லல.

— நீங்க கேட்டீங்களா?

— நான் கண்ணைத் தெறந்தப்ப சீட்டு காலி. தட்டும் காலி. ரயில்காரன் எடுத்துக் கொட்டிட்டான்னு நெனச்சேன்.

— பாய் எறங்கற வரைக்கும் அவன் அந்த சீட்ல இருந்தானாம். வேடிக்கை பாத்துக்கினே.

— வெளில பாத்துக்கினா?

— ஆமா. மூஞ்சியைக் கண்ணாடில வெச்சி அழுத்திக்கினு, சின்னப் புள்ள மாதிரி. இன்னாண்ணா, முகம் ஒரு மாதிரி ஆவுது?

— செக்கிங்குக்கு ஒருத்தன் வந்தான். மூணு பாஸ் குடுத்தேன். கையை நீட்டிக்கினே நின்னான். சரின்னு நாலாவதையும் குடுத்தேன். பேரைப் படிச்சிட்டு, ஜன்னல் பக்கம் பாத்துத் தலையை ஆட்டிட்டுப் போயிட்டான். வெளிநாட்டுக்காரன் மரியாதைன்னு நெனச்சேன்.

— வேற பேச்சு பேசலாம்ணா.

— தௌசீப் வேற இன்னா சொன்னாரு? விடாம சொல்லுங்க.

— ஒண்ணே ஒண்ணுதான். அவன் இடது கையால சாப்புட்டானாம். வலது கையை மேசைக்குக் கீழயே வெச்சிக்கினு இருந்தானாம். சாமிக்கு வெக்கிற மாதிரி வெச்சாங்க, இவன் இப்டி சாப்புடறானேன்னு பாய்க்கே ஒரு மாதிரி ஆயிடுச்சாம்.

— இடது கையாலயா?

— அண்ணா? தண்ணி கொண்டாரச் சொல்லட்டுமா?

— வேணாம். பாக்யலட்சுமி உள்ள இருக்கா. கூப்புடாதீங்க.

— சரிண்ணா. நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. கூட வந்தது சொந்தக்காரருன்னு சொல்லிடுங்க. இல்லன்னா ஊரு சுத்திக் காட்ட வந்த கைடுன்னு சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும். மீதியை நான் பாத்துக்கறேன். எனக்கு உங்க பொண்ணைப் புடிச்சிருக்கு.

— பொய் சொல்லி இந்த வீட்லேர்ந்து பொண்ணு குடுத்தது கிடையாது.

— அப்ப யாருமே இல்லன்னு அடிச்சிச் சொல்லுங்க. பாய்க்குக் கண்ணு கோளாறுன்னு சொல்லிடலாம்.

— அதுவும் பொய்.

— அண்ணா, ரெண்டும் இல்லன்னா கல்யாணம் நின்னுடும். புரியுதா? போயி எங்க அண்ணன்கிட்ட நான் இன்னா சொல்லட்டும்?

— நான் சொல்றதை மாத்தாம சொல்லுங்க. நந்தினிக்கு எதிர்ல வேத்து ஆம்பள உக்காந்திருந்தான்னு சொன்னது தப்பு. கட்டிங் மிஷின்ல வலது கை வெரலுங்க போனதாலதான் என் தம்பியைப் பேக்கிங்குக்கு மாத்தினாங்க, அன்னிலேர்ந்து தயாளன் இடது கையாலதான் சாப்புடுவான்.