மாவு உப்பும் நேரம்

சாசேஜை மாவில் சுற்றும்போது மடிப்பு அடிப்பக்கம் போக வேண்டும். மேல்பக்கம் விட்டால் அடுப்பில் வாய் திறந்துகொள்ளும், கொழுப்பு வெளியே வழிந்து தட்டில் கருகும். இந்தச் சின்ன விஷயத்தைக்கூட இப்போதைய பெண்கள் கவனிப்பதில்லை. சாப்பிடுங்கள் தம்பி, காலையில்தான் சுட்டேன். ஷெரீஃப் அலுவலகத்துக் காபி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அதைவிட நன்றாகவே இருக்கும்.

இதற்கு க்ளோபாஸ்னிக் என்று பெயர். ஊருக்குப் புதிதாக வருபவர்கள் இதையும் கோலாச் என்றே கேட்பார்கள். கோலாச் என்றால் நடுவில் பழம் வைத்தது. என் வீட்டுக்காரர் எர்வின் கறிக்கடை வைத்திருந்தபோது அப்படிக் கேட்டு வருபவர்களுக்குச் சாசேஜைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார். டெக்சஸில், செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் குடும்பங்கள் எங்கே கூடினாலும், கல்யாணமோ சாவோ ஞாயிற்றுக்கிழமைப் பூசையோ, காலையில் மேசைக்கு முதலில் வருவது இதுதான்.

நீங்களாக வரவில்லை, நான்தான் வரச்சொன்னேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்டு மாதம், எங்கள் கோயில் பங்குத் திருவிழாவுக்கு முதல் நாள், எர்வின் ஓர்சாக் வெயிலில் நின்ற வண்டிக்குள் இறந்துபோனார். விபத்து என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறது. அவருடைய தங்கை அல்பினா கவனிக்காமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள் என்றும் எழுதியிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை அல்பினாவை அடக்கம் செய்தோம். அந்த வரியைத் திருத்த வேண்டும். அதற்குத்தான் கூப்பிட்டேன்.

எர்வின் பெரிய வாயாடி. வெட்டப் போகும் பன்றியிடமும் பேசுவார், வெட்டிய பிறகு அதை வாங்க வருபவர்களிடமும் பேசுவார். வீட்டுக்கு வந்தால் என்னிடம் பேச ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று நான் சொல்லிக் காட்டுவேன். நாற்பத்தாறு வருஷம் அப்படி ஓடியது. குறை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலையில் புகைபோடும் கொட்டகையில் சாசேஜ் சரங்களைக் கம்பில் மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் தங்கியது.

பீனா. சின்ன வயதில் தங்கையை அவர் கூப்பிட்ட பெயர் அது.

தண்ணீர் வேண்டுமென்றால் பீனா. வலித்தால் பீனா. நான் அவரைக் குளிப்பாட்டி, துடைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டு நிமிரும்போது, சந்தோஷமாக என் முகத்தைப் பார்த்துப் பீனா. ஹூஸ்டனில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். "அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாதும்மா. எதைச் சொல்ல நெனச்சாலும் அதுதான் வாயில வரும். அவரு மனசுல உங்க பேருதான் இருக்கும், நாக்குல அது வருது, அவ்வளவுதான்" என்றார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நானும் ஏற்றுக்கொண்டேன்.

அல்பினாவிடமும் இதைச் சொன்னேன். அவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மூன்று வீடு தள்ளித்தான் இருந்தாள். தங்கமான மனுஷி. அவள் பிசையும் மாவு என்னுடையதைவிட மிருதுவாக இருக்கும், ஊரே சொல்லும், நானும் சொல்வேன். தினமும் வந்து அண்ணன் பக்கத்தில் உட்காருவாள். அவர் அந்தச் சொல்லைச் சொன்னதும் அவளுக்குக் கண் நிறைந்துவிடும். "எல்லாம் மறந்தும் எம்பேர மட்டும் மறக்கல பாருங்க அண்ணி" என்பாள். டாக்டர் சொன்னதை நான் மறுபடி விளக்குவேன். தலையை ஆட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். நான் வண்டியில் உட்கார்ந்து காத்திருப்பேன்.

அவருக்கு என் பெயரைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். தினமும் மத்தியானம், ஜெபமாலை முடிந்த பிறகு. லிட்மிலா என்பது நீளம்தான், அதனால் லிடா என்று சுருக்கிச் சொன்னேன். அவர் என் வாயையே பார்ப்பார். பாவம், கழுத்து நரம்பு புடைக்கும் அளவுக்கு முயற்சி செய்வார். கடைசியில் அதே சொல். நானும் சலிக்காமல் ஏழெட்டு மாதம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு தடவைகூட அவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

இப்போது திருவிழாவுக்கு முதல் நாளுக்கு வருகிறேன். பங்கு மண்டபத்தில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி எழுநூறு எண்ணூறு க்ளோபாஸ்னிக் சுடுவது வழக்கம். அந்த வருஷம் மண்டபத்துக்குப் புதிதாக ஏசி போட்டிருந்தார்கள். உடம்புக்குச் சுகமாக இருந்தது, ஆனால் மாவு அசையவே இல்லை. ரோசலி என்று ஒருத்தி, வாய் சும்மா இருக்காது, தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாவுக்கு ஜன்னி வந்துருச்சுடி, ஆளுக்கொரு போர்வ எடுத்துட்டு வாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு வழக்கமான வழிக்கே போனோம். வண்டிகளை மரத்தடியிலிருந்து வெயிலுக்கு நகர்த்துவது, தட்டுகளைப் பின்னால் அடுக்குவது, கண்ணாடிகளை ஏற்றிவிடுவது. இங்கே ஆகஸ்டு வெயிலில் அரை மணிக்குள் மாவு இரண்டு மடங்காகிவிடும். எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும்.

எர்வினை நான் உடன் கூட்டிவந்திருந்தேன். வண்டியின் முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, பெல்ட் போட்டுவிட்டு, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு மரத்தடியில் விட்டிருந்தேன். உள்ளே போனதும் அல்பினா, "அண்ணனக் காணமே அண்ணி?" என்று கேட்டாள். "பின்னாடி ஆம்பளைங்க சீட்டாடுற எடத்துல விட்டுட்டு வந்தேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரிந்தால் போய் எழுப்புவாள், எழுப்பினால் அவர் அதைச் சொல்வார், பன்னிரண்டு பேர் முன்னால் மறுபடி கண்ணீரும் கதையும். அது வேண்டாம் என்று நினைத்தேன், வேறொன்றுமில்லை.

அதன் பிறகு நான் வண்டியை வெயிலுக்கு நகர்த்தினேன். எல்லோரும்தான் நகர்த்தினார்கள். அல்பினா மூன்று தட்டுகளைக் கொண்டுவந்து பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு மூடினாள். அப்போதே அவளுக்குக் கண்ணில் புரை. முன்சீட்டின் முதுகு தாழ்ந்திருந்தது, அவரும் நோயில் வற்றிச் சிறுத்திருந்தார். அவள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும், நான் மண்டபத்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிகள் அப்போதும் இறங்கித்தான் இருந்தன. வேலை மும்முரத்தில் அதை ஏற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

பழைய வண்டி, கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். நான் போய்ப் பின்பக்கம் இரண்டையும் ஏற்றினேன். ஓட்டுகிற பக்கத்தையும் ஏற்றினேன். அவர் பக்கம் வந்தபோது விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மட்டும் பழைய எர்வினுடையதாகவே இருந்தது. நான் குனிந்து, "நான் யாருங்க? ஒரே ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். சொன்னார். எந்தப் பெயர் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கண்ணாடிக்கு ஏழு சுற்று.

நான் கோபத்தில் செய்யவில்லை தம்பி. கோபம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அன்று அது என்னிடம் இல்லை. இரண்டு வருஷமாக அந்த மனுஷன் பட்ட கஷ்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். இருநூறு ராத்தல் பன்றியைத் தோளில் தூக்கியவர், அவருக்கு நான் ஸ்பூனால் ஊட்டினேன். அதைப் பார்த்து இரக்கப்படாதவள் மனுஷியே இல்லை. இரக்கம் என்று எழுதிக்கொள்ளலாம்.

அரை மணி கழித்துத் தட்டுகளை எடுக்கப் போனேன். இதை அப்போது யாருமே கேட்கவில்லை. உங்கள் அலுவலகத்தில் மாவு பிசைந்த ஆள் ஒருத்தர் இருந்திருந்தாலும் கேட்டிருப்பார். அவ்வளவு சூட்டில் மாவை விட்டுவைத்தால் பொங்கிச் சரிந்து புளித்துப்போகும், அந்த மூன்று தட்டில் ஒன்றுகூட அப்படி ஆகவில்லை, அப்படியானால் யாரோ நேரத்துக்குப் போய் எடுத்திருக்க வேண்டும். பெண்கள் ஒவ்வொருத்தியும் மற்றவள் எடுத்தாள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான்தான் எடுத்தேன். மூன்று தடவை போய் வந்தேன், ஒவ்வொரு தடவையும் பின்கதவைத் திறந்து மூடினேன். அவர் சத்தம் போடவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. உள்ளே வந்து, எங்கள் வண்டி இனி வேண்டாம், சூடு அதிகமாகிவிட்டது, மீதித் தட்டுகளை ரோசலியின் வண்டியில் வைப்போம் என்று சொன்னேன். அதனால் வேறு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அன்றைக்குச் சுட்டது போல் க்ளோபாஸ்னிக் அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை. மேலே பொன் நிறம், உள்ளே பஞ்சு. மத்தியானம் ஆண்கள் சாப்பிட வந்தபோது எர்வின் எங்கே என்று கேள்வி வந்தது. வண்டிக்குள் அவரைக் கண்டதும் திருவிழாவை ரத்து செய்துவிட்டார்கள். சுட்டது வீணாகவில்லை, அவருடைய அடக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள்.

கண்ணாடியை ஏற்றியது யார் என்று உங்கள் ஆள் அங்கேயே விசாரித்தார். அல்பினாதான் முன்னால் வந்து, "தட்டு வெச்சது நான், அப்படின்னா நான்தான் ஏத்தியிருப்பேன்" என்றாள். என்னையும் கேட்டார்கள். அவர் தூங்கியதால் கண்ணாடிகளை இறக்கி வண்டியிலேயே விட்டேன், ஏற்றியது யாரென்று எனக்கு நினைவில்லை என்றேன். ஊரெல்லாம் வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதது. நானும் அழுதேன், அந்த அழுகையில் பொய் இல்லை.

அதற்குப் பிறகு அல்பினா மாவைத் தொடவே இல்லை. வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடந்தே வந்து என் வீட்டைப் பெருக்கி, தோட்டத்தில் களை எடுத்து, என் துணிகளைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள். அவள் வேலை சுத்தமாக இருக்கும். போகும்போது சில நாள் வாசற்படியில் நின்று, "ஏத்துன ஞாபகமே இல்ல அண்ணி. ஆனா ஏத்தலன்னு அடிச்சுச் சொல்ல முடியலயே. கை பாட்டுக்குப் பழக்கத்துல ஏத்தியிருக்கும். உள்ளேருந்து எம்பேரச் சொல்லித்தான கூப்பிட்டிருக்கும், எனக்குக் கேக்கலயே" என்பாள். நான் அவள் தோளைத் தட்டிக்கொடுப்பேன். ஆறு வருஷத்தில் அவள் உடம்பில் பாதி கரைந்துபோனது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் அவள் மனசு தாங்கியிருக்காது. சொந்த அண்ணியே இப்படிச் செய்தாள் என்று தெரிவதைவிட, தன் கைதான் தவறியது என்று நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு நல்லது என்று பட்டது.

கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிட்டீங்களா அண்ணி?" என்றாள். "எப்பவோ மன்னிச்சிட்டேன்டி" என்றேன். அன்று சாயங்காலமே போய்விட்டாள். நான் மனதாரச் சொன்னதால்தான் அவளால் நிம்மதியாகப் போக முடிந்தது.

அடக்கத்தன்று பாதிரியார் பிரசங்கத்தில், அண்ணனின் சாவை ஆறு வருஷம் சிலுவையாகச் சுமந்தவள் என்று அவளைச் சொன்னார். கோயில் முழுக்க மூக்கைச் சிந்தினார்கள். கல்லறையில் எர்வினுக்கு இடது பக்கம் அவளைப் புதைத்தார்கள், வலது பக்கம் எனக்கு. சாப்பாட்டு மேசையில் ரோசலி, இப்படிப் பாசம் வைத்த அண்ணனையும் தங்கையையும் தான் பார்த்ததில்லை, அவர் உயிர் போகும்போதும் இவள் பெயரைத்தான் சொல்லியிருப்பார் என்றாள். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்தேன். செய்யாத குற்றம் ஒருத்தி தலையில் கடைசிவரை இருப்பது நியாயமில்லை.

அதோடு, ரோசலி சொன்னது சரியில்லை. அவர் கடைசியாகப் பேசியபோது பக்கத்தில் இருந்தது நான். அல்பினா அந்த நேரம் உள்ளே சாசேஜ் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தட்டை எடுத்துப் பின்கதவை மூடிவிட்டு நான் அவர் பக்கமாக வந்தேன். முகம் சிவந்து நனைந்திருந்தது. கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். உதடு அசைந்தது. ஏதோ சொன்னார், ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. கண்ணாடி மூடியிருந்ததால் வெளியே கேட்கவில்லை. தட்டு கையில் இருந்தது, இருந்தாலும் கதவைத் திறந்து கேட்டிருக்கலாம். நான் திறக்கவில்லை. அவர் சொன்னது என் பெயர்தான் தம்பி. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.